சாக்கின் இடப் பக்கம்

மாமாவின் பட்டறை நாற்பது நாளாகப் பூட்டிக் கிடந்தது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரசமட்டம் என்பார்கள். சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு குமிழி ஓடும் சின்னப் பலகை, அது எந்நேரமும் அவர் பின்பாக்கெட்டில் இருக்கும். ஜீப்பின் அச்சின் மேல் வைத்துப் பார்ப்பார். சட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். வீட்டில் சாப்பாட்டு மேசை லேசாக ஆடினாலும் எடுத்து வைத்துவிடுவார். "கல்யாணத்தன்னிக்கு என் தலையில வெச்சுப் பாக்கலயே, அதுவே பெரிய விஷயம்" என்று அக்கா சொல்வாள்.

காட்டுப் பாதையில் ஓடும் ஜீப்புகளை உயர்த்திக் கொடுப்பது அவர் தொழில். வில் பட்டைகளை மாற்றி, குலுக்கலைத் தாங்கும் ஷாக்குகளை மாற்றி, வண்டியை மூன்று நான்கு அங்குலம் மேலே தூக்கினால் பாறைகளில் அடிவயிறு இடிக்காது. "தூக்குறது ரெண்டு நாள் வேலை. தூக்கினதுக்கு அப்புறம் வர்ற வம்பத் தீக்கிறதுதான் தொழிலே" என்பார். அது உண்மை. எங்கெங்கோ தூக்கிக்கொண்டு வந்த வண்டிகள் அவர் வாசலில் வரிசையில் நிற்கும். ஒன்றில் ஸ்டியரிங் நடுங்கும். இன்னொன்றில் எழுபதைத் தொட்டால் இருக்கைக்கடியில் ரீங்காரம் கிளம்பும். மேலே போன உடம்புக்கும் கீழேயே நின்றுவிட்ட சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் குழாயும் தன் பழைய நீளத்தையும் பழைய கோணத்தையுமே நினைத்துக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் புது உயரத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று நகப்பூச்சு. அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அந்த வேலையில் நகப்பூச்சு போடக் கூடாது என்பதால் யார் பரிசாகக் கொடுத்தாலும் அது நேராகப் பட்டறைக்கு வந்துவிடும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை மாட்டி ஒரு கோடு இழுப்பார். வண்டியை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகு முறுக்கி முடித்து, அதன் குறுக்கே இன்னொரு கோடு. தொங்கும் வண்டியிலேயே முழுதாக முறுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் திருகிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், இறக்கியதும் கிழியும் என்பது அவர் கணக்கு. "ஒத்தக் கோடு இருந்தா பாதி. பெருக்கல் குறி இருந்தா முழுசு. உனக்குப் புரியும்ல புரொபசர்?" என்று என்னைக் கேட்பார். நான் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். விரிவுரையாளன்தான், புரொபசர் இல்லை. அதை அவரிடம் பலமுறை சொல்லியும் பயனில்லை.

இரண்டாவது பழக்கம் சாக்கு. வண்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சாக்கை விரிப்பார். மாட்ட வேண்டிய புதுச் சாமான்கள் எல்லாம் இடப் பக்கம். கழற்றிய பழையவை வலப் பக்கம். இடப் பக்கத்திலிருந்து ஒன்று மேலே போனால் வலப் பக்கத்துக்கு ஒன்று வந்து சேரும். இடப் பக்கம் காலியானால் வேலை முடிந்தது. எழுதி வைக்க மாட்டார், எண்ணிப் பார்க்க மாட்டார். சாக்கை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் சுகாதார நிலையத்தின் ஜீப் அவரிடம் வந்தது. மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு மாதம் இரண்டு முறை போகிற வண்டி. ஆற்றைக் கடந்ததும் பாறைப் பாதை. போகும்போதெல்லாம் அடிபட்டுத் திரும்பும். அதில் போகிற நர்ஸ் என் அக்காதான். அதனால் மாமா அந்த வேலையை வேறு யாரிடமும் விடவில்லை.

நான்கு அங்குலம் தூக்கினார். மறுநாளே டிரைவர் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கொஞ்சம் பயந்த சுபாவம், வாய் மட்டும் ஓயாது.

"அண்ணே, அம்பதத் தொட்டா போதும், பேய் புடிச்ச மாதிரி ஆடுது. என் பல்லு ஆடுதா ஸ்டியரிங் ஆடுதான்னே தெரியல."

பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா இறங்காமலேயே சொன்னாள். "இந்த ஆட்டத்துல தடுப்பூசி மருந்து நுரை கட்டிடும். இதுக்குத்தான் ரெண்டு நாளா வீட்டுக்கு வராம கெடந்தீங்களா?"

மாமா ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போனார். முன் அச்சு உயர்ந்த பிறகு லேசாக முன்பக்கம் கவிழ்ந்திருந்தது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு இரும்பு ஆப்பு வைத்து அதைப் பின்னால் சாய்த்தார். நடுக்கம் நின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது, இம்முறை ரீங்காரம். பின் அச்சின் மூக்கை மேலே நிமிர்த்த அங்கேயும் ஒரு ஆப்பு வேண்டியிருந்தது. அது அடங்கியதும் பின்பக்கம் ஒரு கிறீச்சொலி.

இன்னொரு குறையும் பாக்கி. பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்கள், ஓஸ் என்பார்கள், முன் சக்கரங்களுக்கு இரண்டு, பின் அச்சுக்கு நடுவில் ஒன்று. உயர்த்திய வண்டிக்கு அவை நீளமாக வேண்டும். நேர்ச்சாலையில் பழையதே எட்டும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதுதான் இழுபட்டு அறுந்துபோகும். நீள ஓஸ் வரத் தாமதமானது. "ஓஸ் மாத்துற வரைக்கும் ஆத்தத் தாண்டக் கூடாது" என்று டிரைவரிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார். அந்தப் பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழியில்தான் எண்ணெய் போகும். ஓர் ஓஸ் போனால் நான்கு பிரேக்கும் போயிற்று.

கிறீச்சொலிக்காக மூன்றாம் முறை வண்டி வந்த அன்று ஓஸ்களும் வந்து சேர்ந்தன. எனக்குக் கல்லூரி விடுமுறை. டார்ச் பிடிக்கிறேன் பேர்வழி என்று கூட இருந்தேன். முன்னால் இரண்டையும் மாற்றினார். நடு ஓஸைக் கழற்றுவதற்காக மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தார். பழைய ஓஸ் புதுசு போல மின்னியது. அதற்குள் பின் பட்டையைப் பிடிக்கும் ஒரு போல்ட்டின் மரை தேய்ந்திருந்தது கண்ணில் பட்டது. "இத லேத்துல குடுத்து மரை போட்டுட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். லேத் பட்டறை இரண்டு தெரு தள்ளி.

அவர் போன கொஞ்ச நேரத்தில் சுகாதார நிலைய டாக்டர் வண்டியைப் பார்க்க வருவதாக டிரைவர் சொன்னார். நான் சுற்றிலும் பார்த்தேன். பட்டறை பட்டறையாகத்தான் இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எதையும் ஒழுங்குபடுத்தாமல் என்னால் உட்கார முடியாது. தரையைப் பெருக்கினேன். சாக்கின் வலப் பக்கத்தில் கிடந்த பழையவற்றைத் தகர டின்னில் போட்டேன். இடப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையோடு ஒரே ஒரு ஓஸ் இருந்தது. பெட்டியில் எப்போதும் கூடுதலாக ஒன்று வரும்போலிருக்கிறது, முன்னால் இரண்டு சக்கரம், இரண்டு மாட்டியாயிற்று, இது மிச்சம் என்று நினைத்தேன். அலமாரியில், மற்ற உதிரிகளோடு, வரிசையாக வைத்தேன். சாக்கை உதறி நேராக விரித்தேன். அழகாக இருந்தது.

மாமா திரும்பி வந்தபோது டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை ஐந்து மணிக்கு வண்டி மலைக்குப் போக வேண்டும், இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று என்றார். மாமா போல்ட்டை மாட்டினார். சாக்கைப் பார்த்தார். இடப் பக்கம் காலி. நான்கு சக்கரத்திலும் பிரேக்கிலிருந்து காற்றை எடுத்தார், வண்டியை இறக்கினார், முறுக்கினார், பெருக்கல் குறிகளைப் போட்டார்.

ஒன்றை நான் சொல்லாமல் விட்டால் அவருக்கே பிடிக்காது. வழக்கமாகக் கடைசியில் பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி, மற்றதைத் தொங்கவிட்டு, கீழே மல்லாந்து படுத்து எது எது இழுபடுகிறது என்று பார்ப்பார். அன்று அதைச் செய்யவில்லை. சாக்கு காலியாக இருந்தது, டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். மாமா ஏதோ கிளிப் தேடி அலமாரிக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கையில் அந்த உறையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எப்படி மாப்ள இங்க வந்துச்சு?"

"அதுவா மாமா? மிச்சம்னு நெனச்சு நான்தான் எடுத்து வெச்சேன்."

அவர் தகர டின்னைத் தரையில் கவிழ்த்தார். பழைய ஓஸ்களைப் பொறுக்கினார். "ரெண்டு" என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு மெல்ல விளங்கியது. மூன்று இருந்திருக்க வேண்டும்.

"மணி என்ன?"

"எட்டு அஞ்சு."

"ஆத்தத் தாண்டியிருப்பாங்க."

அக்காவின் கைபேசி தொடர்பில் இல்லை. டிரைவருடையதும் இல்லை. ஆற்றுக்கு இப்பாலேயே சிக்னல் செத்துவிடும். சுகாதார நிலையத்தில் போனை எடுத்த ஆயா, வண்டி அஞ்சுக்கே போயிடுச்சே என்றார். மாமா அதற்குள் ஒரு பையில் இரண்டு ஸ்பேனர், பிரேக் ஆயில் டப்பா, ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய், காலி பாட்டில் எல்லாம் போட்டுவிட்டார். ஓஸைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"உன் பைக்க எடு. நீ ஓட்டு. எனக்குக் கை சரியில்ல."

பின்னால் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் அவர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். "ரோட்டப் பாத்து ஓட்டு. ஈரம் ஏதாவது தெரிஞ்சா நிறுத்து." நான் தார்ச்சாலையில் தொண்ணூறில் போனேன். வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓட்டியதில்லை. ஆற்றில் முழங்கால் தண்ணீர். பைக்கை இரண்டு பேருமாகத் தள்ளிக் கடந்தோம். அக்கரையில் சேற்றில் ஜீப்பின் சக்கரத்தடம் மேல்நோக்கிப் போனது. திரும்பி வந்த தடம் இல்லை.

பாறைப் பாதையில் ஒரு கிலோமீட்டர் ஏறியிருப்போம். "நில்லு" என்றார். சக்கரம் விழுந்து எழுந்த ஒரு பள்ளத்துக்கு அப்பால், வெளிறிய பாறைமேல் காசு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"தண்ணியா மாமா?"

"ஆயில்."

இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. பிறகு வெகுதூரத்துக்கு ஒன்றுமில்லை.

"முழுசா அறுந்துபோகல. கீறல் விட்டிருக்கு. ஏத்தத்துல அவன் பிரேக்கத் தொட்டிருக்க மாட்டான்" என்றார் மாமா. பேச்சு என்னிடமா, பாதையிடமா தெரியவில்லை. "அதான் அவனுக்கு இன்னும் தெரியாது. இறங்கும்போதுதான் மிதிப்பான். மிதிக்க மிதிக்கக் காலியாகும்."

இரண்டு பேரைச் சுமந்துகொண்டு பைக் அதற்கு மேல் ஏறவில்லை. அவர் குதித்து இறங்கி, வளைவை வெட்டிப் போகும் ஒற்றையடித் தடத்தில் ஏற ஆரம்பித்தார். நான் பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் பையோடு பின்னால் ஓடினேன். அவருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு, எனக்கு முப்பது. என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

மேலே எங்கோ என்ஜின் சத்தம் கேட்டது. நெருங்கி வருகிற சத்தம்.

நாங்கள் பாதைக்கு ஏறிய இடத்தில் ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் மரத்தலைகள்தான் தெரியும். முன்னே நூறடி தூரத்தில் பாதை முகடாக உயர்ந்து நின்றது. அந்த முகட்டில் ஜீப்பின் மூக்கு எழுந்தது, பிறகு கவிழ்ந்து எங்களை நோக்கி இறங்கத் தொடங்கியது. நான் கையை ஆட்டினேன். டிரைவர் சந்தோஷமாகப் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

மாமா கையை ஆட்டவில்லை. நடுப்பாதையில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்க்க வைத்து, மெல்லக் கீழே அழுத்தினார். பட்டறையில் ஜாக்கியை இறக்கும்போது காட்டும் சைகை. மெதுவாக, இன்னும் மெதுவாக. அந்த டிரைவர் மூன்று தடவை பட்டறையில் நின்று அதைப் பார்த்தவர். அவர் முகம் மாறியது. கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருக்க வேண்டும். ஜீப் சற்றுத் தயங்கி, பிறகு தயக்கத்தை விட்டுவிட்டு வந்தது.

"பெடல் உள்ள போகுதுண்ணே."

"தெரியும். பிரேக்கத் தொடாத. ஒண்ணாங் கியர்ல போடு. கை பிரேக்க இழுத்துப் புடிச்சுக்க."

கியர் கரகரத்து விழுந்தது. என்ஜின் ஓலமிட்டது. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கை பிரேக் அந்தச் சரிவுக்குப் போதாது.

"எனக்குக் கீழ ரோடு தெரியலண்ணே" என்றார் டிரைவர். அழுகிற குரல். வண்டியை உயர்த்தினால் அதுவும் ஒரு வம்பு. முன்மூடி உயர்ந்து, பக்கத்திலிருக்கும் தரையை மறைத்துவிடும். அவருக்குத் தெரிந்தது மாமாவின் மார்புக்கு மேலே மட்டும்தான்.

"என்னப் பாரு. ரோட்டப் பாக்காத."

மாமா பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவரும்போது எப்படி நடப்பாரோ அப்படி. ஜீப்புக்கும் அவருக்கும் ஆறடி இடைவெளி. "வா. வா. எடது. இன்னும் எடது. அப்பிடியே நேரா. வா." பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓரமாக ஓடிக்கொண்டே, கல்லைப் பார்த்தால் கல் என்றேன், குழியைப் பார்த்தால் குழி என்றேன்.

பக்கவாட்டு ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. "வழிய விட்டு நில்லுங்க" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. "சொல்றது கேக்குதா உங்களுக்கு? ஓரமாப் போங்க." அவள் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. "அய்யோ, யாராவது அந்த மனுசன இழுங்களேன்."

"எடது. இன்னும். மேட்டுல சாய். பயப்படாத, சாய்."

முன் சக்கரம் மண் மேட்டை உரசியது. மண் பொலபொலவென்று சரிந்தது. ஜீப் இழுத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று அடி வந்து, மேட்டில் மூக்கைச் செருகி நின்றது. மாமா குனிந்து ஒரு பாறைத் துண்டை எடுத்து முன் சக்கரத்துக்கடியில் வைத்தார். நான் இன்னொன்றை வைத்தேன். டிரைவர் இறங்கினார், ஓரத்துக்குப் போனார், உட்கார்ந்தார்.

ஜீப்பின் பின்னால் பலகையில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். கால் எலும்பு முறிவு, இரண்டு பக்கமும் மூங்கில் வைத்துக் கட்டியிருந்தது. தடுப்பூசி வேலையைப் பாதியில் மூடிவிட்டு அக்கா அவரைக் கீழே கொண்டுபோகக் கிளம்பியிருந்தாள்.

"என்னாச்சு, நின்னுட்டோமா?" என்றார் பெரியவர்.

"கொஞ்ச நேரம் ஆகும் தாத்தா" என்றாள் அக்கா.

"ஆகட்டும். கால் உடைஞ்சு ரெண்டு நாளாச்சு, அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மாமா வண்டிக்கடியில் போய்விட்டார். பழைய ஓஸைக் கழற்றிச் சேற்றில் எறிந்தார். நடுவில் ஒரு பிளவு, குழந்தையின் வாய் போல. புதியதை மாட்டினார். இனிக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் சக்கரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட, சொன்ன கணத்தில் சொன்னதைச் செய்ய வேண்டும். டிரைவர் உட்கார்ந்த இடத்தை விட்டு இன்னும் எழவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள், ஜீப்பில் ஏறினாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் மூடியைத் திறந்து ஆயில் டப்பாவோடு முன்னால் நின்றேன். அளவு குறையக் குறைய ஊற்றுவது என் வேலை.

"மிதி" என்றார் மாமா கீழிருந்து.

"மிதிச்சாச்சு."

"புடி. விட்டுராத."

"கல்யாணம் ஆன நாளாப் புடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"விடு. மறுபடி மிதி."

"மிதிச்சாச்சு."

"இன்னும் ஆழமா."

"உங்க கழுத்து மேலன்னு நெனச்சு மிதிக்கிறேன். போதுமா?"

பலகையிலிருந்து பெரியவர் சிரித்தார். சிரித்ததும் கால் வலித்து, "அம்மாடி" என்றார்.

பாட்டிலில் விட்ட பிளாஸ்டிக் குழாயில் குமிழி குமிழியாக வந்தது. குமிழி நின்று வெறும் எண்ணெய் வரும்வரை விடாமல் செய்தார்கள். நான்கு சக்கரமும் முடிய முக்கால் மணி நேரம். கடைசிச் சக்கரத்தில் அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"இது எப்படி விட்டுப் போச்சு?" என்று கேட்டாள். "நேத்து முழுக்க இந்த வண்டிய வெச்சுட்டுத்தானே இருந்தீங்க?"

டிரைவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு வாய் திறந்தது. திறந்தது என்றுதான் நினைக்கிறேன். கீழேயிருந்து மாமாவின் குரல் முந்திக்கொண்டது.

"நான்தான். மறந்துட்டேன்."

அக்கா பெடலை மிதித்தபடியே இருந்தாள்.

"இத மறப்பீங்களா?"

"மறந்துட்டேன்." திருகை மூடிவிட்டு, "ஆயில் வழியுது பாரு மாப்ள. பாத்து ஊத்து" என்றார்.

டப்பாவை நிமிர்த்தினேன். என் கை முழுக்க எண்ணெய். அவர் என்னிடம் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசியது அதோடு சரி.

இறங்கி வந்ததும் டிரைவர் நடந்ததைச் சொன்னார். அவருக்கு வாய் ஓயாது என்றேனே. டாக்டர் வண்டியை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார். ரசமட்டம் சாய்ந்துபோச்சு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சொந்தப் பெண்டாட்டி போற வண்டியிலேயே மறந்தவன், நம்ம வண்டியில என்ன பண்ணுவான் என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வண்டி தூக்கும் வேலை ஒன்றுகூட வரவில்லை. பஞ்சர் ஒட்டினார். டிராக்டருக்கு கிரீஸ் அடித்தார். வீட்டில் சண்டை வந்தால் அக்கா எங்கிருந்தோ அந்த ஓஸை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து என் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. சொன்னால் அக்கா என்னை என்ன நினைப்பாள் என்ற பயம் முதலில். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாளே என்ற பயம். தாமதமே ஒரு குற்றமாக வளர்ந்து, முதல் குற்றத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

வேலை மெல்லத் திரும்பி வந்தது. முதல் ஜீப் வந்த சனிக்கிழமை எனக்குச் சொல்லியனுப்பினார். போனேன். சாக்கு விரித்திருந்தது, பழையபடி இடமும் வலமும். கூடவே ஒரு அட்டைத் துண்டு. மாட்ட வேண்டியவற்றைக் கோணல்மாணலாக எழுதியிருந்தார். முதல் வரி, 'பின்னால், நடு ஓஸ்.'

"நான் கீழ படுத்துக்கறேன். நீ படி மாப்ள. நான் தொட்டுப் பாத்துச் சொல்றேன்."

"பின்னால், நடு ஓஸ்."

"மாத்தியாச்சு. அடுத்தது."

சாக்கைத் தொடாதே என்று அவர் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. அட்டையைக் கையில் கொடுத்தார். பதினைந்து வருடத்துக்கு மேல், விடுமுறை தவறாமல், ஒவ்வொரு வண்டிக்கும் நான் படித்தேன். முதல் வரி ஒருபோதும் மாறவில்லை.

மாரடைப்பில் மாமா போய்ச் சேர்ந்த அன்றும் ஒரு வண்டி பாதி வேலையில் நின்றது. நில அளவையாளர் ஒருவருடைய ஜீப். நாற்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்று முன்தினம் அவர் இன்னொரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். டர்போ என்று பட்டப்பெயர். ஆள் நல்லவன்தான், வேலையும் தெரிந்தவன். அக்கா சாவியோடு வந்து திறந்தாள். உள்ளே சாக்கு, அதன்மேல் மெல்லிய தூசி. இடப் பக்கத்தில் நான்கைந்து புதுச் சாமான்கள், வலப் பக்கத்தில் பழையவை. அட்டை ஆணியில் தொங்கியது.

டர்போ குனிந்து இடப் பக்கத்துச் சாமான்களை மொத்தமாக அள்ளப் போனான்.

"சாக்கத் தொடாதீங்க" என்றேன். "நான் படிக்கிறேன். நீங்க கீழ போய்ப் பாத்துச் சொல்லுங்க."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டிக்கடியில் நகர்ந்தான். நான் அட்டையை எடுத்தேன்.

"பின்னால், நடு ஓஸ்."

"இருங்க பாக்கறேன்." டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது. "அட, மாத்தியிருக்காரே. தப்பா நெனைக்காதீங்க சார், ஒரு தடவ மலை வண்டியில ஓஸ மறந்துட்டாருன்னு எங்க பக்கமெல்லாம் சொல்லுவாங்க. அதான் நல்லா ஒருதரம் பாத்துக்கறேன்."

நில அளவையாளர் தர்மசங்கடமாகத் தொண்டையைச் செருமினார். அக்கா மேசைமேல் இருந்த நகப்பூச்சு பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையில் அவருடைய எழுத்து. நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் மறக்கல" என்றேன். "அந்த ஓஸ சாக்குலேர்ந்து எடுத்து அலமாரியில வெச்சது நான். மிச்சம்னு நெனச்சு வெச்சேன். அவருக்கு அது அன்னிக்கே தெரியும்."

கீழே டார்ச் அசையாமல் நின்றது. நான் மெல்ல அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பாட்டில் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள், குலுக்கினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மறுபடி உருட்டினாள். பிறகு மூடியைத் திறந்து, வண்டிக்கடியிலிருந்து நீண்டிருந்த டர்போவின் கையில் அதைக் கொடுத்தாள்.

"ஒத்தக் கோடு போட்டிருப்பார். இறக்கி முறுக்கினப்புறம் குறுக்க ஒண்ணு போடுங்க" என்றாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அடுத்த வரியப் படி."